வன்னித் தோட்டக்காரருக்கு ஒற்றைக் குழல் துவக்கு: பார்த்து வாங்கும் முறை

பயிர்க் காவலுக்குத் துவக்கு வாங்க நினைப்பவர் கடைக்கோ கச்சேரிக்கோ போகுமுன் தன் காணியின் நான்கு எல்லையிலும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். பன்றி எந்தப் பக்கத்தால் வருகிறது, அது நிற்கும் இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதற்கும் அப்பால் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எந்தத் துவக்கு, எந்தத் தோட்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் கிடைக்கும். மலைநாட்டில் சரிவுக்குக் குறுக்கே சுடுபவருக்கு மலையே தடுப்பாக நிற்கும். நமக்கு அந்த வசதி இல்லை. இரணைமடுவின் கீழுள்ள வயல்வெளியில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரைதான். குடியேற்றத் திட்டக் காணிகள் வாய்க்காலை ஒட்டி வரிசையாக இருப்பதால் ஒருவருடைய தோட்டத்தின் பின்வேலி இன்னொருவருடைய முற்றமாக இருக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காடு இருக்கிறதே என்பீர்கள். அந்தக் காட்டுக்குள்ளும் விறகுக்கும் தேனுக்கும் மாட்டைத் தேடியும் ஆட்கள் போய்வருகிறார்கள்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப் போகும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் பயிர்க் காவலுக்கு ஏற்றது 12ஆம் துளையுள்ள, மடித்துத் திறக்கும், வெளிக்குதிரை வைத்த ஒற்றைக் குழல் சொட்கன். சிறு குண்டு றைபிள் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இந்த நிலத்துக்குப் பொருந்தாது. ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அனுமதி முதலில், துவக்கு பிறகு

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஆளுவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பிற்காலத் திருத்தங்களால், குறிப்பாக 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால், தண்டனைகள் கடுமையாகியுள்ளன. பயிர்க் காவலுக்கான சொட்கன் அனுமதி மாவட்டச் செயலகத்தின் வழியாகக் கிடைக்கும். கிராம அலுவலர், கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம், பொலிஸ் என்று ஒவ்வொரு படியிலும் உங்கள் காணியும் பயிரும் நடத்தையும் விசாரிக்கப்படும். றைபிள் என்றால் விசயம் மாவட்டத்தோடு முடியாது, பாதுகாப்பு அமைச்சு வரை போகும். அனுமதி கைக்கு வருமுன் யாரிடமும் முற்பணம் கொடுக்காதீர்கள். “துவக்கை இப்ப கொண்டு போங்கோ, பேப்பரைப் பிறகு மாத்துவம்” என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். பேப்பர் மாறும் வரை அது சட்டவிரோதத் துவக்கு, பிடிபட்டால் சிறைக்குப் போவது நீங்கள்தான்.

எதைச் சுடலாம் என்பது தனிச் சட்டம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணைகள் அதைச் சொல்கின்றன. யானை, சிறுத்தை, கரடி, மான், மரை ஆகியவற்றின் மேல் துவக்கை நீட்டவே கூடாது. குரங்கு, மந்தி, மயில், மர அணில், முள்ளம்பன்றி பற்றி அமைச்சர்கள் மேடையில் சொல்வதையோ கடையடியில் கேட்பதையோ நம்பிச் சுடாதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் உங்கள் பகுதி அலுவலகத்தில் அந்த நாளில் நடைமுறையிலுள்ள அட்டவணையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட எல்லைகளுக்குள் துவக்கோடு காலடி வைப்பதே குற்றம். காட்டோரக் காணிக்காரர் தன் எல்லை எங்கே முடிகிறது என்பதை நில அளவைப் படத்தில் பார்த்து வைத்திருப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980களில் இந்த மண்ணில் இருந்த அனுமதித் துவக்குகள் பெரும்பாலும் ஒன்றில் அரசிடம் திரும்பின, அல்லது இயக்கங்களின் கைக்குப் போயின. பிறகு போர் முடியும் வரை வெடிச்சத்தம் என்றால் வேறு பொருள். 2009க்குப் பின் மீளக் குடியேறியவர்கள் காடு மண்டிய காணிகளைத் திருத்திப் பயிர் வைத்தபோது பன்றியும் குரங்கும் அங்கே நிலைகொண்டிருந்தன, காவலுக்கோ துவக்கு இல்லை. இப்போது அனுமதி பெற்றுத் துவக்கு எடுப்பவருக்கு அயலாரிடம் ஒரு கடமை இருக்கிறது. நள்ளிரவில் ஒரு வெடி கேட்டால் எத்தனை பேர் பாயில் எழுந்து உட்காருவார்கள் என்பதை வெளியூர்க்காரர் அறியமாட்டார், நாம் அறிவோம். துவக்கு வீட்டுக்கு வந்த அன்றே அயல் வீடுகளுக்குச் சொல்லுங்கள். எந்த நேரத்தில், எந்த மூலையில் வெடி கேட்கக்கூடும் என்பதையும் சொல்லுங்கள்.

சிறு குண்டு றைபிள் ஏன் இங்கே வேண்டாம்

உலகின் பல பண்ணைகளில் பயிரைத் தின்னும் சிறு மிருகங்களுக்கு ஒற்றை வெடி றைபிள்தான் விருப்பமான கருவி. அதன் வரலாறும் அழகானது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் காக்கைக்கும் முயலுக்கும் என்றே மெல்லிய ஒற்றைக் குழல் றைபிள்கள் செய்தார்கள். அமெரிக்காவில் வின்செஸ்டர் 1885ஆம் ஆண்டு மாதிரி இறங்கு கட்டை றைபிள் வந்தது. 1930 அளவில் 0.22 ஹோர்னட் தோட்டா வந்தபோது சிறு மிருக வேட்டை வேறொரு கட்டத்துக்குப் போனது. 3 கிராமுக்குச் சற்றுக் குறைவான குண்டை வினாடிக்கு 800 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அது அனுப்பும். 1950இல் 0.222 ரெமிங்டன், 1964இல் 0.223 என்று வேகம் இன்னும் ஏறியது. ரூகர் நிறுவனம் 1960களின் கடைசியில் கொண்டுவந்த முதலாம் இலக்க ஒற்றை வெடி றைபிள், பழைய இறங்கு கட்டை அமைப்புக்குப் புது உயிர் கொடுத்தது. ஒரே வெடி என்பதால் சுடுபவர் நிதானிப்பார். பின்கட்டையைத் திறந்தால் துவக்கு வெறுமையா, நிறைந்ததா என்று கண்ணாலேயே தெரியும். தோட்டா ஏற்றும் நீண்ட பொறி இல்லாததால் குழலை நீளமாக வைத்தும் துவக்கைக் குட்டையாகச் செய்யலாம். இவையெல்லாம் உண்மையான நன்மைகள், ஒற்றைக் குழல் சொட்கனிலும் இவற்றில் பெரும்பகுதி கிடைக்கிறது.

றைபிள் குண்டு போகும் தூரம்தான் தடை. 0.22 விளிம்புத் தீ தோட்டா, அதாவது கடைகளில் பொயின்ற் ருவென்ரி ரூ என்று சொல்லும் மிகச் சிறியது, சாய்வாக மேலெழுந்தால் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை போகக்கூடியது. ஹோர்னட்டும் அதற்கு மேற்பட்டவையும் இன்னும் தூரம் போகும். வட்டக்கச்சியில் ஒரு தோட்டத்தின் நடுவே நின்று ஒன்றரைக் கிலோமீற்றர் வட்டம் போட்டுப் பாருங்கள். எத்தனை வீடு, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை வாய்க்கால் வீதி அதற்குள் வரும்? தென்னை உச்சியில் இருக்கும் குரங்கை நோக்கிச் சுடும்போது குழல் வானத்தைப் பார்க்கிறது. தவறிய குண்டுக்குத் தடுப்பே இல்லை. நிலத்தில் நிற்கும் மிருகத்துக்குச் சுட்டாலும் காய்ந்த வரம்பிலோ கல்லிலோ பட்ட சிறு குண்டு தெறித்துத் திசை மாறும். வேகமான ஹோர்னட் குண்டு தரையில் பட்டுச் சிதறிவிடும் என்று சொல்வார்கள். பல வேளை சிதறும். பல வேளை என்பது அயலானின் பிள்ளைக்குப் போதுமான உத்தரவாதம் இல்லை.

சொட்கன் சன்னத்தின் கணக்கு வேறு. உருண்டைச் சன்னம் காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். அதன் உச்சத் தூரத்தை மதிக்கப் பழைய பிரெஞ்சு வேட்டை அறிஞர் ஜுர்னே சொன்ன எளிய வழி உண்டு: சன்னத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால் தூரம் யாரில் (கஜத்தில்) வரும். அந்தக் கணக்கில் 6ஆம் இலக்கச் சன்னம் ஏறத்தாழ 200 மீற்றரில் விழுந்துவிடும். 4ஆம் இலக்கம் 250 மீற்றருக்குச் சற்றுக் கீழே. பன்றிக்குப் போடும் எஸ்.ஜி. 600 மீற்றரைத் தாண்டும், எல்.ஜி. 700 மீற்றரைத் தொடும். ஆகவே சொட்கன் என்றாலும் பெருஞ்சன்னம் போட்டால் கவலை தீராது. ஆனால் இந்தத் தூரம் ஒரு மனிதன் கண்ணால் பார்த்து, நடந்து, அளந்து, அந்தப் பக்கம் வெடி வைக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யக்கூடிய தூரம். றைபிளுக்கு அது முடியாது.

ஒற்றைக் குழலில் எந்த வகை

இரட்டைக் குழல், பம்ப், தானியங்கி என்று பலவும் உலகில் உண்டு. பயிர்க் காவலுக்கு ஒற்றை வெடியே போதும், நல்லதும் கூட. இரண்டாவது தோட்டா கையில் இருக்கிறது என்ற நினைப்பே முதல் வெடியை அவசரப்படுத்தும்.

ஒற்றைக் குழலிலும் மூன்று அமைப்புகள் கண்ணில் படும். முதலாவது, நடுவில் மடியும் துவக்கு. மேல்நெம்பைத் தள்ள, குழல் கீழே சரிந்து பின்வாய் திறக்கும். இரண்டாவது, மார்ட்டினி அமைப்பு. பேர்மிங்காமின் கிறீனர் நிறுவனம் செய்த ஜி.பி. என்னும் பொதுப்பயன் துவக்கு இந்த வகை. விசைக்குக் கீழுள்ள நெம்பை இறக்கினால் பின்கட்டை தாழும், அதோடு உள்ளே இருக்கும் குதிரையும் ஏறிவிடும். மிக உறுதியான இரும்பு, பல தலைமுறைக்கு நிற்கும். மூன்றாவது, தாழ்ப்பாள் போட்டுத் திறக்கும் போல்ட் வகை.

என் தெரிவு முதலாவது. காரணம் நுட்பமல்ல, நம் வாழ்க்கை முறை. வரம்பில் நடக்கும்போதும், வேலி தாண்டும்போதும், சைக்கிளில் வைத்துக் கொண்டு போகும்போதும் மடித்த துவக்கு எதிரே வருபவருக்குத் தூரத்திலிருந்தே “இது வெடிக்காது” என்று காட்டும். பொலிஸ்காரருக்கும் அப்படியே. வயல் சேற்றில் சறுக்கி விழுந்து குழல் வாய்க்குள் மண் போய்விட்டால், மடித்துப் பின்னாலிருந்து வெளிச்சம் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. மண் அடைத்த குழலில் வைத்த வெடி குழலைப் பிளந்து கையைக் கொண்டுபோகும். மார்ட்டினியில் குழலினூடே பார்ப்பது சிரமம், அதோடு குதிரை உள்ளே மறைந்திருப்பதால் ஏறியிருக்கிறதா என்பதைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். நல்ல நிலையிலுள்ள கிறீனர் ஜி.பி. ஒன்று அனுமதியோடு உங்கள் தகப்பனாரிடமிருந்து வந்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் புதிதாகத் தேடுபவருக்கு மடிதுவக்கு. அதிலும் வெளிக்குதிரை, சுட்ட பின் தானே சற்றுப் பின்வாங்கி நிற்கும் வகையாக இருக்க வேண்டும். அப்படி நின்றால் தவறி விழுந்து குதிரையில் அடிபட்டாலும் ஊசி தோட்டாவைத் தொடாது.

துளையும் அறை நீளமும்

12ஆம் துளை என்றால், குழலின் விட்டத்துக்குச் சரியாக வார்த்த ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு இறாத்தல். இன்றைய அளவில் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். 16, 20 ஆகிய துளைகளும் நல்லவை, உதையும் குறைவு. இருந்தும் 12ஐயே சொல்கிறேன், ஏனெனில் அனுமதித் தோட்டா என்று நமக்கு ஒழுங்காகக் கிடைப்பது பெரும்பாலும் அதற்குத்தான். தோட்டா இல்லாத துவக்கு காவலுக்கு உதவாது, ஆனால் அதைப் பூட்டி வைத்துப் பாதுகாக்கும் பொறுப்பு மட்டும் மிஞ்சும்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. ஒரே வீட்டில் 12உம் 20உம் கலந்து வைத்திருக்காதீர்கள். 20ஆம் துளைத் தோட்டா 12ஆம் துளைக் குழலுக்குள் நழுவி முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். அதன்மேல் 12 ஒன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். உலகெங்கும் நடக்கும் விபத்து இது. அதனால்தான் அமெரிக்கத் தயாரிப்பாளர் 20ஆம் துளைத் தோட்டாவுக்கு மஞ்சள் நிறத்தை ஒதுக்கினார்கள்.

அடுத்தது அறை நீளம். பழைய ஆங்கிலத் துவக்குகளில் அறை இரண்டரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 65 மில்லிமீற்றர். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீற்றர், சில 76. நீளம் என்பது சுட்ட பின் மடிப்பு விரிந்த நீளம். ஆகவே 70 மில்லிமீற்றர்த் தோட்டா சிறிய அறையிலும் சுகமாகப் போய் மூடும். சுட்டவுடன்தான் மடிப்பு விரிய இடமில்லாமல் அமுக்கம் எல்லை கடக்கும். “போகுது, மூடுது” என்பது சோதனையே அல்ல. குழலின் அடியில், அறைக்குக் கீழே, அறை நீளம் பொறித்திருக்கும். அங்கேயே சோதனைச் சாலை முத்திரையும் இருக்கும். 1813இல் சட்டத்தால் அமைந்த பேர்மிங்காம் சோதனைச் சாலையின் பழைய முத்திரையில் கிரீடத்தின் கீழ் என்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் புகையற்ற மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். புகையற்ற மருந்துக்கான சோதனை முத்திரை எதுவும் இல்லாத ஆங்கிலத் துவக்கைக் கரும் மருந்துக்கானது என்றே கொள்ளுங்கள். குழலில் சுழன்ற மரவைரம் போன்ற கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். அழகுக்கு வைக்கலாம், இன்றைய தோட்டா போட்டுச் சுடக் கூடாது.

பழைய துவக்கைச் சோதிக்கும் விதம்

புதுத் துவக்கு கிடைப்பது அரிது. பெரும்பாலும் முன்னொருவர் ஆண்டதைத்தான் மாற்றி எடுக்க வேண்டிவரும். ஆகவே இதை ஆறுதலாகச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில், உரிமையாளரும் கூட இருக்க, மடித்து வெறுமை என்று இருவரும் பார்த்த பின் தொடங்குங்கள்.

முதல் வேலை இலக்கத்தை ஒப்பிடுவது. பின்கட்டையிலும் குழலிலும் உள்ள இலக்கங்கள் அனுமதிப்பத்திரத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அரத்தால் அராவிய அடையாளம், மேலே மறுபடி வெட்டிய இலக்கம் தெரிந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு குழலைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, இரண்டு முனையிலிருந்தும் உள்ளே பாருங்கள். நல்ல குழலில் ஒளி வளையங்கள் ஒழுங்காக ஓடும். ஓரிடத்தில் நிழல் வளையம் ஒன்று குறுக்கே நின்றால் அங்கே குழல் உப்பியிருக்கிறது, எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். துருக்குழிகள் முன்பகுதியில் சிறிதளவு இருந்தால் பரவாயில்லை. அறையிலும் அதை அடுத்த ஒரு சாண் இடத்திலும் இருந்தால் வேண்டாம், அமுக்கம் உச்சத்தில் இருப்பது அங்கேதான். முல்லைத்தீவுக் கரையோரத்தில், உப்புக் காற்றுப்படக் கிடந்த துவக்கென்றால் முன்கைக் கட்டையைக் கழற்றி அதன் அடியில் மறைந்திருக்கும் இரும்பையும் பாருங்கள். வெளியே பளபளக்கும், உள்ளே தின்றிருக்கும்.

முன்கைக் கட்டை இல்லாமல் குழலை மறுபடி பொருத்தி மூடி, பின்கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கிடுகிடுவென்று ஆடினால் கீல் தேய்ந்துவிட்டது. மூடியபடி வானத்துக்கு எதிரே பிடித்தால் குழலுக்கும் பின்முகத்துக்கும் இடையில் வெளிச்சம் கோடாகத் தெரியக் கூடாது. ஊசித் துளையைச் சுற்றி அரித்த பள்ளம் இருந்தால் தோட்டா மூடியின் பின்னால் வாயு கசிந்திருக்கிறது. அதைத் தெரிந்த கம்மாலைக்காரரிடம் கொடுத்து ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். ஒட்டு வைத்த குழலும் ஒட்டு வைத்த பின்முகமும் துவக்கைக் குண்டாக மாற்றும். ஊசியோ வில்லோ மாற்றுவது அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரின் வேலை.

குதிரையை ஏற்றிவிட்டு, விசையைத் தொடாமல், கட்டையின் அடியை உள்ளங்கையால் பலமாகத் தட்டுங்கள். குதிரை விழுந்தால் அந்தத் துவக்கு வேண்டாம். விசையின் இறுக்கம் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ எடை அளவில் இருப்பது நல்லது. இதைவிட மெதுவாக வெடிக்கும் விசையை “நல்ல சொவ்ற்” என்று விற்பவர் புகழ்வார். குளிரில் விறைத்த விரலுக்கும் பயந்த கைக்கும் அது ஆபத்து. கடைசியாக, மரக்கட்டையின் கழுத்தைப் பாருங்கள். விரல் நகத்தால் தடவினால் தெரியாத வெடிப்பு, கழுத்தைச் சற்று முறுக்கினால் தெரியும்.

தோளுக்கு அளவு

வன்னியில் போருக்குப் பின் எத்தனையோ தோட்டங்களைப் பெண்களே நடத்துகிறார்கள். காவலும் அவர்கள் தலையில்தான். ஆனால் துவக்குகளின் கட்டை நீளமோ வெள்ளைக்கார ஆணின் கைக்கு அளந்தது. கண்ணை மூடி, துவக்கைத் தோளுக்குத் தூக்கி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். கண் தானாகவே குழலின் மேல் நேராக ஓடினால் அது உங்கள் அளவு. குழலின் பின்தலை முன்மணியை மறைத்தால் கட்டை உங்கள் அளவு இல்லை. உடுப்பில் கட்டை சிக்கினால் உங்களுக்கு நீளம் கூட. மரக்கட்டையை வெட்டிக் குறைப்பதைத் திருத்துநர் செய்து தருவார். அதற்காகக் குழலை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குழலைக் குறைப்பது பெரும் குற்றம்.

எடை 3 கிலோ அளவில் இருந்தால் நல்லது. கைக்குப் பாரமில்லாத மெல்லிய ஒற்றைக் குழல்கள் உண்டு, பரணில் ஏற இலேசாக இருக்கும், ஆனால் சுட்டால் தோளைப் பதம் பார்க்கும். ஒருமுறை உதை வாங்கியவர் அடுத்த முறை விசையை இழுக்குமுன் கண்ணை மூடுவார். கண்ணை மூடிச் சுடும் வெடி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே கட்டையின் அடியில் இறப்பர் மெத்தை வைத்த, சற்றுக் கனமான துவக்கையே எடுங்கள். தோட்டாவும் 36 கிராம் வேண்டாம். 28 அல்லது 32 கிராம் சன்னம் போதும்.

சன்னமும் மாரி மழையும்

நம் கடைமொழியில் தோட்டாக்கள் பழைய ஆங்கில முறையில்தான் பெயர் பெற்றிருக்கின்றன. ஓர் அவுன்சுக்கு எல்.ஜி. 6, எஸ்.ஜி. 8, பி.பி. 70, 4ஆம் இலக்கம் 170, 6ஆம் இலக்கம் 270. கச்சான் தோட்டத்திலும் மரவள்ளியிலும் மணி பிடித்த நெல்லிலும் விழும் பன்றிக்கு எஸ்.ஜி. தேவை. சிறு சன்னத்தால் பன்றி சாகாது. புண்பட்டுக் காட்டுக்குள் போய்ப் பல நாள் வலியில் கிடக்கும், அல்லது அடுத்த நாள் விறகுக்குப் போனவர் மேல் பாயும். எஸ்.ஜி. என்றாலும் 25, 30 மீற்றருக்கு மேல் சுடாதீர்கள். அதற்கப்பால் எட்டு ஒன்பது உருண்டைகளும் விரிந்து, ஒன்றோ இரண்டோதான் படும். ஏறத்தாழ மூன்று அடி அகலத் தாளை நிறுத்தி, உங்கள் குழல் எந்தத் தூரத்தில் எவ்வளவு விரிக்கிறது என்பதை அனுமதியுள்ள இடத்தில் ஒருமுறை பார்த்துவையுங்கள். முன்வாய் இறுகிய குழல் ஒன்று, இறுகாத குழல் இன்னொன்று. இரண்டும் ஒன்று போல விரிக்காது.

பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவது சமநிலத்தில் நமக்குள்ள ஒரே இயற்கைப் பாதுகாப்பு. எட்டடி உயரப் பரணிலிருந்து இருபது மீற்றரில் நிற்கும் பன்றிக்குச் சுட்டால் தவறிய சன்னத்தில் பெரும்பகுதி அதற்குப் பின்னாலுள்ள மண்ணிலேயே புதையும். நிலத்தில் குந்தியிருந்து சுட்டால் அதே சன்னம் இடுப்பு உயரத்தில் பறக்கும். பரண் கட்டும்போதே எந்தத் திசைக்கு வெடி, எந்தத் திசைக்கு வெடியே இல்லை என்று இரண்டு கம்புகளை நட்டு எல்லை வகுத்துவிடுங்கள். ரோச் வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னியது என்பதற்காகச் சுடவே கூடாது. மாட்டுக்கும் கண் மின்னும். முழு உடம்பும் தெரிந்து, என்ன மிருகம் என்று வாயால் பெயர் சொல்லக்கூடிய நிலையில்தான் விரல் விசைக்குப் போக வேண்டும்.

காலபோக மழையில், கார்த்திகை மார்கழியில், கடதாசி உறைத் தோட்டா ஈரம் குடித்து வீங்கும். அறைக்குள் இறுகி, சுட்ட பின் வெளியே வராது. பிளாஸ்ரிக் உறைத் தோட்டாவே நமக்கு ஏற்றது. அதிலும் பித்தளைத் தலையில் பச்சை படிந்ததை ஒதுக்கிவிடுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டாவை உடனே திறக்காதீர்கள். குழலை மண்ணை நோக்கிப் பிடித்தபடி ஒரு நிமிடமாவது பொறுத்துத் திறவுங்கள், சில வேளை மருந்து தாமதித்துப் பிடிக்கும். வெடி வித்தியாசமாக, “புஸ்” என்று மெலிந்து கேட்டால் அடுத்த தோட்டா போடுமுன் குழலுக்குள் அடைப்பு நிற்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

குரங்குக்கு

குரங்குத் தொல்லைக்குத் துவக்கு விடையில்லை என்பது என் உறுதியான எண்ணம். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மந்தி, மயில், மர அணில் எண்ணியது அரசு. அவ்வளவு தூரம் விசயம் முற்றியிருக்கிறது. தென்னங் குரும்பையைப் பிடுங்கி எறியும் கூட்டத்தைப் பார்த்து வயிறெரியும் கமக்காரரின் வேதனை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு குரங்கைச் சுட்டால் கூட்டம் அடுத்த தோட்டத்துக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பும். மரத்தின் மேல் நோக்கிச் சுடுவது சமநிலத்தில் மிக மோசமான கோணம் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். செங்குரங்கு இலங்கையில் மட்டுமே வாழ்வது, உலக அளவில் அருகிவரும் இனப் பட்டியலில் இருப்பது.

விரட்டுவதற்கென வாயுத் துவக்கைப் பலர் கேட்கிறார்கள். 4.5 மில்லிமீற்றர், 5.5 மில்லிமீற்றர் என இரு அளவுகளில் வரும். இதையும் விளையாட்டுப் பொருளாக நினைக்க வேண்டாம். அதன் ஈயமும் சில நூறு மீற்றர் போகும், கண்ணில் பட்டால் கண் போகும். அனுமதி பற்றி மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கிய பின்பே பணத்தைக் கொடுங்கள். கூட்டாகக் காவல் இருப்பது, நாய், தோட்டத்துக்கும் காட்டு மரங்களுக்கும் இடையில் தாவ முடியாத வெளி விடுவது, இவற்றால் பலன் கண்ட ஊர்கள் உண்டு. ஒரு வீடு மட்டும் விரட்டினால் பலனில்லை, ஒரு வாய்க்கால் வரிசையே ஒரே நேரத்தில் விரட்ட வேண்டும்.

கையால் தொடக்கூடாதவை

கட்டுத்துவக்கு, அனுமதியில்லாத இடியன், பன்றி வெடி, மின்கம்பியிலிருந்து நேரே இழுத்த வேலி. இவை நான்கும் சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் புறம்பானவை. கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. கயிற்றில் கால் தடக்கிய எவருக்கும் அது வெடிக்கும். வன்னியில் கால் இழந்தவர்கள் போரால் மட்டும் இழக்கவில்லை. பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்த யானைக்குட்டி தாடை சிதறித் தின்ன முடியாமல் வாரக் கணக்கில் நின்று சாகிறது. ஊரில் யாராவது இதைச் செய்வது தெரிந்தால் பேசி நிறுத்துங்கள், நிறுத்தாவிட்டால் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

புண்பட்ட பன்றியின் இரத்தத் தடத்தைப் பிடித்து இரவில் காட்டுக்குள் போகாதீர்கள். விடிந்த பின், இரண்டு பேராக, தெரிந்த தடத்தில் போங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ சிவப்பு மண்டையோட்டு அடையாளமோ உள்ள எல்லைக்குள் எக்காரணத்துக்கும் காலெடுத்து வைக்கக் கூடாது. வெடி அகற்றும் நிறுவனத்தாருக்கோ கிராம அலுவலருக்கோ தகவல் கொடுத்தால் போதும்.

வீட்டில் வைக்கும் முறை

துவக்கு ஒரு பூட்டுக்குள், தோட்டா இன்னொரு பூட்டுக்குள், இரண்டு திறப்பும் வீட்டுப் பெரியவரின் இடுப்பில். கிடுகுக் கூரைக்கடியில் செருகி வைக்கும் பழைய வழக்கம் இன்று ஆகாது. பிள்ளைகளின் கைக்கு எட்டாது என்று நினைக்கும் இடமெல்லாம் அவர்களுக்கு எட்டும். சுட்ட அன்றே குழலுக்குள் துணி ஓட்டி, தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெயை மெல்லப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் பொறியை இறுக்கும். தோல் உறைக்குள் நீண்ட நாள் விடாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவேற்றும்.

அனுமதியை ஆண்டுதோறும் ஒக்ரோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை அடுத்த ஆண்டுக்காகப் புதுப்பிக்க வேண்டும். அது காலபோக வேலைகள் நெருக்கும் காலம், மழையும் உச்சம், வீதியும் மோசம். ஒக்ரோபர் முதல் கிழமையிலேயே முடித்துவிடுங்கள். போகும்போது துவக்கை மடித்து, வெறுமையாக, உறையிலிட்டு, அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதியோடு கொண்டு போங்கள். அனுமதி பெற்றவர் இறந்துவிட்டால், செத்தவீட்டுக் காரியங்கள் முடியும் வரை என்று துவக்கை வீட்டில் வைத்திருக்காமல், உடனே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். பிள்ளையின் பேருக்கு மாற்றுவது அதன் பிறகு, மாவட்டச் செயலகத்தில், புதிய விண்ணப்பமாக. அந்தப் பற்றுச்சீட்டில் துவக்கின் இலக்கம் சரியாக எழுதியிருக்கிறதா என்று நிலையத்தை விட்டு வெளியே வருமுன் வாசித்துப் பாருங்கள்.